முதன்முதலாக இணையதளம் அமைப்பவருக்கு எந்தச் சேவை? ஒரு நாட்டு விதைக் கடைக்காக ஆறையும் பார்த்த அனுபவம்

என் அக்கா குளித்தலைக்கு அருகே நாட்டு விதைகள் விற்கிறார். கத்தரியில் ஏழெட்டு வகை, வெண்டை, பீர்க்கு, சுரை, மூக்குத்தி அவரை, சிறகவரை என்று நாற்பது வகைக்குக் குறையாமல் அவரிடம் எப்போதும் இருக்கும். விதை போட்டுக் கொடுக்கும் காகித உறைகளின் பின்புறத்தில் ஓர் இணைய முகவரி அச்சாகியிருக்கிறது. அந்த முகவரி இப்போது அவருடையது அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் தெரிந்த இளைஞர் ஒருவர் இணையதளம் அமைத்துக் கொடுத்தபோது தளப்பெயரை, அதாவது அந்த முகவரியை, தம் பெயரிலேயே பதிவு செய்துகொண்டார். பிறகு அவர் வேறு வேலைக்குப் போனார், கைபேசி எண்ணும் மாறியது, ஆண்டுக் கட்டணம் கட்ட ஆளில்லாமல் பெயர் காலாவதியாகி வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். மிச்சமிருந்த இரண்டாயிரம் உறைகளை வீணாக்க மனமில்லாமல், அக்காவும் மாமாவும் அந்த வரியின் மேல் ஒவ்வொன்றாகச் சிறு ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான், புதிதாக ஒன்று அமைத்துத் தரும்படி என்னிடம் கேட்டார்.

நான் இணையதளம் அமைப்பதைத் தொழிலாகக் கொண்டவன் அல்லன். ஆனால் சொந்தத் தேவைக்கும் நண்பர்களுக்குமாகச் சிலவற்றை அமைத்த பழக்கம் உண்டு. எனவே இரண்டு மாதம் அவகாசம் வாங்கிக்கொண்டு, அக்காவின் பன்னிரண்டு பக்கங்களையும், விதைப் படங்களையும், விதைப்புப் பருவமான பட்டம் வாரியாக அவர் எழுதி வைத்திருந்த நான்கு கட்டுரைகளையும் விக்ஸ், ஸ்குவேர்ஸ்பேஸ், ஜோஹோ சைட்ஸ், கூகுள் சைட்ஸ், வேர்ட்பிரஸ், பிளாகர் ஆகிய ஆறிலும் ஏற்றிப் பார்த்தேன். ஒரே உள்ளடக்கத்தை ஆறு இடத்தில் ஏற்றுவது சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் சேவைகளின் விளம்பரப் பக்கங்களை ஆறு முறை படித்திருந்தாலும் இவ்வளவு தெரிந்திருக்காது.

தொடங்கும் முன் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நீ இல்லாதப்ப வெலைய நானே மாத்த முடியுமாடா?" மதிப்பீட்டின் முதல் அளவுகோல் அதுவே. இரண்டாவது அளவுகோல் என்னுடையது: இந்தச் சேவை பிடிக்காமல் போனாலோ, அதை நடத்தும் நிறுவனமே கடையைக் கட்டினாலோ, எழுதியதை எல்லாம் எடுத்துக்கொண்டு வெளியேற வழி இருக்கிறதா? இந்தக் கேள்வியைப் புதியவர் எவரும் கேட்பதில்லை. குடிபுகும் நாளில் காலி செய்யும் நாளைப் பற்றி யார் நினைப்பார்கள்? ஆனால் ஒரு காலத்தில் உலகமே வீட்டுப் பக்கங்கள் வைத்திருந்த ஜியோசிட்டீஸை யாகூ 2009 அக்டோபரில் மூடியது. வணிகர்களின் கூகுள் சுயவிவரத்தோடு இலவசமாக அமைந்த சிறு இணையதளங்களைக் கூகுள் 2024 மார்ச்சில் நிறுத்தியது. நிறுவனம் பெரியது என்பதால் சேவை நிலைக்கும் என்று எண்ணுவதற்கில்லை.

மூன்றாவதாக, தமிழ். ஆங்கிலத்தில் எழுதப்படும் ஒப்பீடுகள் எவற்றிலும் இது வராது என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இந்தச் சேவைகள் எல்லாம் அழகழகான டெம்ப்ளேட்டுகளை (முன்கூட்டியே வரைந்து வைத்த பக்க அமைப்புகளை) காட்டி நம்மை ஈர்க்கின்றன. அவை யாவும் ஆங்கிலத் தலைப்புகளை மனத்தில் வைத்து வரையப்பட்டவை. இரண்டு குட்டையான ஆங்கிலச் சொற்கள் பெரிய எழுத்தில் கம்பீரமாக நிற்கும் இடத்தில் "நாட்டு விதைகள் விற்பனைக்கு" என்று இட்டால், கணினித் திரையில் எப்படியோ அடங்குகிறது. கைபேசியில் ‘விற்பனைக்கு’ என்ற ஒரு சொல்லே திரையின் அகலத்தைத் தாண்டி வலப்பக்கம் வழிகிறது. வரிகளுக்கு இடையே ஆங்கிலத்துக்கு வைத்த நெருக்கமான இடைவெளியில் மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் ஈகாரக் கொக்கியும் ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. அந்த இடைவெளியை எழுத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல், ஏறத்தாழ 1.7 வரை, கூட்டிய பிறகுதான் கண்ணுக்கு இதமாக இருந்தது. மேற்கோள்களைச் சாய்வெழுத்தில் காட்டும் வழக்கமும் நமக்குப் பொருந்தாது. தமிழில் சாய்வெழுத்து மரபே இல்லாததால், நிமிர்ந்த எழுத்தைக் கணினி தானாகப் பிடித்துச் சாய்த்து, காற்றில் சரிந்த வேலியைப் போல ஆக்கிவிடுகிறது.

எழுத்துருவிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டெம்ப்ளேட்டோடு வரும் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துகளே கிடையா. அப்படியிருந்தும் நம் திரையில் தமிழ் தெரிவதற்குக் காரணம், பார்ப்பவருடைய கருவியில் இருக்கும் எழுத்துருவை உலாவி இரவல் வாங்கிக் காட்டுவதுதான். விண்டோஸில் நிர்மலா, ஆண்டிராய்டில் நோட்டோ, ஆப்பிள் கருவிகளில் தமிழ் சங்கம் என்று ஒரே தளம் மூன்று வீட்டில் மூன்று முகத்தோடு தோன்றும். முக்த மலர், கேட்டமரான், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் முதலியவை கூகுள் எழுத்துருத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றைச் சேர்க்க ஒரு சேவை எவ்வளவு எளிதாக இடம் தருகிறது என்பதை முதல் அரைமணி நேரத்திலேயே சோதித்துவிடுவது நல்லது.

செயற்கை நுண்ணறிவு தானாகவே தளத்தை அமைத்துத் தரும் என்று இப்போது எல்லாரும் விளம்பரம் செய்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு கருவியிடம் ஆடிப் பட்ட விதைகள் விற்கும் கடை என்று எழுதிக் கொடுத்தேன். முகப்பில் வானில் பறக்கும் வண்ணக் காற்றாடிகளின் படம் வந்தது. ஆடியில் காற்று உண்டுதான். ஆனாலும் அக்கா அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அந்த வசதியை அத்தோடு விட்டுவிட்டேன்.

இனிச் சேவைகளுக்கு வருகிறேன். முதல் நாளிலேயே மனநிறைவு தருவது விக்ஸ் என்பதில் ஐயமில்லை. 2006இல் இஸ்ரேலில் தொடங்கப்பட்ட நிறுவனம் இது. படத்தையோ எழுத்துப் பெட்டியையோ சுட்டியால் பிடித்து இழுத்து, வேண்டிய இடத்தில் விட்டால் அங்கேயே நிற்கிறது. கோலப்பொடி எடுத்தவருக்கு வாசல் முழுவதும் கிடைத்ததைப் போன்ற சுதந்திரம். வலைப்பதிவு, கடை, முன்பதிவு எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளை வைக்க வாடகைக்கு எடுக்கும் கணினி இடம்), பாதுகாப்பு, மேம்படுத்தல் எதைப் பற்றியும் நாம் நினைக்க வேண்டியதில்லை. இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. கணினித் திரைக்கு அடுக்கியதைக் கைபேசித் திரைக்குத் தனியாக ஒருமுறை சரிபார்த்து அடுக்க வேண்டியிருக்கிறது. அக்காவின் வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கைபேசியிலேயே பார்ப்பவர்கள் என்பதால், உண்மையான வேலையே அந்த இரண்டாவது அடுக்கல்தான் என்றாகிவிடுகிறது. ஒரு டெம்ப்ளேட்டைத் தேர்ந்து தளத்தை அமைத்த பிறகு வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளவும் வழக்கமான விக்ஸ் எடிட்டரில் வழியில்லை. புதிதாகத் தொடங்கி மறுபடியும் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும்.

விக்ஸை நான் விலக்கியதற்குக் காரணம் இவற்றில் எதுவும் அன்று. அதில் அமைத்த தளம் அந்த நிறுவனத்தின் சர்வர்களில் மட்டுமே வாழும் என்பதை அவர்களே தங்கள் உதவிப் பக்கங்களில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். பொருள் பட்டியலைக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாம், கட்டுரைகளைக் கையால் நகலெடுத்துக்கொள்ளலாம். ஆனால் தளத்தைத் தளமாகப் பெயர்த்தெடுத்து வேறிடத்தில் நாட்ட முடியாது. இலவசத் திட்டத்தில் முகவரியிலும் பக்கத்தின் தலையிலும் விக்ஸின் பெயர் இருக்கும். சொந்தத் தளப்பெயரை இணைக்கவேண்டுமென்றால் கட்டணத் திட்டத்துக்குப் போக வேண்டும். ஓராண்டு மட்டும் நடக்கப்போகும் ஒரு விழாவுக்கோ, ஒரு திருமணத்துக்கோ தளம் வேண்டும் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு விக்ஸைச் சொல்வேன். பத்தாண்டு எழுதிச் சேர்க்கப்போகிறவருக்குச் சொல்ல மாட்டேன்.

ஸ்குவேர்ஸ்பேஸ் 2003இல் மேரிலாந்து பல்கலைக்கழக மாணவராக இருந்த ஆண்டனி கசலேனா தொடங்கியது. அழகில் ஆறிலும் முதலிடம் இதற்கே. புகைப்படக் கலைஞர்களும் கட்டடக் கலைஞர்களும் இதை விரும்புவது ஏன் என்று ஒரு படத்தை ஏற்றிய உடனே புரிகிறது. இலவசத் திட்டம் கிடையாது. 14 நாள் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். வெளியேறும் வழி பாதி திறந்திருக்கிறது: கட்டுரைகளும் பக்கங்களில் பலவும் வேர்ட்பிரஸுக்கு உகந்த கோப்பாக வெளியே வரும், கடைப் பக்கங்கள் அந்தக் கோப்பில் வாரா. அக்காவுக்கு வேண்டியது கடையும் கட்டுரையும் என்பதால் பாதி திறந்த கதவால் பயனில்லை. போகிற போக்கில் ஒன்று: 2023இல் கூகுள் தன் தளப்பெயர் விற்பனைத் தொழிலை ஸ்குவேர்ஸ்பேஸுக்கு விற்றுவிட்டது. கூகுளை நம்பித் தளப்பெயர் வாங்கியவர்கள், தாங்கள் எதுவும் செய்யாமலே ஸ்குவேர்ஸ்பேஸின் வாடிக்கையாளர் ஆனார்கள்.

கூகுள் சைட்ஸ் இலவசம். ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும். ஒரு பள்ளி வகுப்புக்கோ குடியிருப்போர் சங்கத்துக்கோ ஐந்தாறு பக்கம் வேண்டுமென்றால் மாலைக்குள் முடித்துவிடலாம். நாள் வரிசையில் கட்டுரைகளை அடுக்கும் வலைப்பதிவு வசதி அதில் இல்லை, ஆகவே எங்களுக்கு உதவவில்லை. ஜோஹோ சைட்ஸ் நம்மூர் நிறுவனத்துடையது. கட்டணம் ரூபாயில், ஜிஎஸ்டி பில்லோடு வருகிறது என்பது சிறு வணிகருக்குச் சின்ன விஷயமன்று. எடிட்டர் ஒழுங்காக இருக்கிறது. விக்ஸைப் போல எதையும் எங்கும் வைக்க விடாமல் வரிசைகளுக்குள்ளேயே அடுக்கச் சொல்வதால், கைபேசித் தோற்றம் தானாகவே ஒழுங்காக அமைந்தது. ஏற்கெனவே ஜோஹோவின் கணக்கு மென்பொருளையோ மின்னஞ்சலையோ பயன்படுத்துகிறவர் முதலில் இதைப் பார்க்கலாம். எனக்கு இருந்த தயக்கம் ஒன்றுதான். சிக்கல் வந்தால், நிறுவனத்தின் உதவி மேசையைத் தவிர வெளியே கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய ஆட்கள் வேர்ட்பிரஸுக்கு இருப்பதைப் போல இதற்கு ஊருக்கு ஊர் இல்லை.

வேர்ட்பிரஸைப் பற்றி எழுதும் எவரும் முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்தாக வேண்டும். அந்தப் பெயரில் இருப்பவை இரண்டு. ஒன்று, 2003 மே மாதம் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவர் வெளியிட்ட கட்டற்ற மென்பொருள். அதை யாரும் இலவசமாக இறக்கித் தாங்கள் வாடகைக்கு எடுத்த ஹோஸ்டிங்கில் நிறுவிக்கொள்ளலாம். மற்றொன்று, முல்லன்வெக்கின் ஆட்டோமேட்டிக் நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் வேர்ட்பிரஸ்.காம் என்ற சேவை. அதே மென்பொருளை அவர்களே தங்கள் சர்வரில் வைத்துப் பராமரித்து, இலவசமாகவும் கட்டணத்துக்கும் தருகிறார்கள். முன்னது மனை வாங்கி வீடு கட்டுவது, பின்னது கட்டிய வீட்டில் குடியிருப்பது. "வேர்ட்பிரஸ் இலவசம்" என்று நண்பர் சொன்னதைக் கேட்டு டாட் காமில் கணக்குத் தொடங்கி, பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) சேர்க்க முடியவில்லையே என்று இலவசத் திட்டத்தில் தடுமாறியவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் உள்ள பெரிய ஆறுதல், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உள்ளடக்கத்தைக் கோப்பாக எடுத்துப் போகலாம் என்பது.

உலக இணையதளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் இந்த மென்பொருளில் ஓடுகின்றன. அதனால்தான் சிறு நகரங்களில்கூட இதைத் தெரிந்த ஒருவராவது கிடைக்கிறார். கடைக்கு வூகாமர்ஸ் என்ற பிளகின் இருக்கிறது. அதில் யுபிஐ வழியாகப் பணம் பெற ரேசர்பே போன்ற பணம் பெறும் சேவைகளின் பிளகின்கள் இருக்கின்றன. 2018 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பு முதல் பத்தி, படம், பட்டியல் எல்லாவற்றையும் தனித்தனிக் கட்டங்களாக அடுக்கும் எடிட்டர் வந்தது. 2024 ஏப்ரலில் வந்த 6.5 பதிப்பில் எழுத்துரு நூலகமும் சேர்ந்துகொண்டதால், புதிய வகைத் தீம்களில் (தளத்தின் தோற்ற அமைப்புகளில்) தமிழ் எழுத்துரு சேர்க்க முன்பு போல நிரல் எழுத வேண்டியதில்லை.

தமிழுக்கு அதில் எனக்குப் பிடித்த ஓர் அம்சத்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வேர்ட்பிரஸின் தேடல் பெட்டி மிகப் பழைய பாணியில், இட்ட எழுத்துகள் எங்கேனும் தொடர்ச்சியாக வருகின்றனவா என்று மட்டும் பார்க்கிறது. ஆங்கிலத்துக்கு இது குறை. வேற்றுமை உருபுகளை வாலாகக் கட்டிக்கொண்டு திரியும் தமிழுக்கு இது வரம். ‘விதை’ என்று தேடினால் விதைகளை, விதைப்பதற்கு, விதையிலிருந்து எல்லாம் வந்து நிற்கின்றன. ஆனால் ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தில்’ வராது. சாரியை ஏறிய சொல்லை அந்த எளிய தேடலால் அடையாளம் காண முடியாது.

இதற்கு எதிர்ப்பக்கமாக முகவரி விவகாரம் இருக்கிறது. "ஆடிப்பட்டத்தில் விதைக்க வேண்டிய நாட்டுக் காய்கறிகள்" என்று தலைப்பிட்டால், அந்தப் பக்கத்தின் முகவரி ‘ஆடிப்பட்டத்தில்-விதைக்க’ என்பதோடு நின்றுவிடும். காரணம் சுவையானது. தமிழின் ஒவ்வொரு குறியீடும் இணைய முகவரியில் 9 எழுத்துகளாக விரிகிறது. முகவரியின் அந்தப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருக்கும் இடமோ 200 எழுத்துகள். ஆக 22 குறியீடுகளுக்கு மேல் இடமில்லை. நமக்கு ஓரெழுத்தாகிய ‘டி’, கணினிக்கு ‘ட’வும் இகரக் கொக்கியுமாக இரண்டு குறியீடு என்பதால், 22 என்பது பெரும்பாலும் இரண்டு சொல்லைத் தாண்டுவதில்லை. அந்த முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பினால், பெறுபவருக்குப் பல நேரங்களில் விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக நான்கைந்து வரிக்கு நீளும் குப்பையாகத் தெரிந்து, இது ஏதோ மோசடி இணைப்பு என்ற அச்சத்தைக் கிளப்பும். பக்கத்தை வெளியிடும் முன் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக மாற்றிக்கொள்வதே இதற்கு மருந்து. வெளியிட்ட பிறகு மாற்றினால், ஏற்கெனவே பகிர்ந்தவை உடைந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் வேலை கூடுதலாக வந்து சேரும்.

சொந்த ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ் வைப்பவர் அறிய வேண்டிய மற்றொன்று, வீடு நம்முடையது என்றால் ஒட்டடை அடிப்பதும் நம் வேலை என்பது. வேர்ட்பிரஸ், தீம், பிளகின் மூன்றும் அவ்வப்போது மேம்படுத்தல் கேட்கும். ஒன்றை மேம்படுத்தியதில் மற்றொன்று முறைத்துக்கொண்டு, வாசகருக்கு வெற்று வெள்ளைத் திரை மட்டும் தெரியும் நாளும் ஒருமுறையாவது வரும். அன்று காப்பாற்றுவது முந்தைய நாளின் பேக்கப் (காப்புப் பிரதி) மட்டுமே. என் நண்பர் ஒருவரின் தளத்தில், பேக்கப் தானாக எடுக்கப்படுவதாக ஹோஸ்டிங் நிறுவனத்தின் விற்பனைப் பக்கம் சொல்லியிருந்தது. தேவைப்பட்ட நாளில் கேட்டபோது, எடுப்பது இலவசம், திருப்பி ஏற்றிக் கொடுப்பதற்குத்தான் கட்டணம் என்று பதில் வந்தது. ஹோஸ்டிங் விலையிலும் இதே சாமர்த்தியம் உண்டு. மாதம் நூற்றுச் சொச்சம் ரூபாய் என்று பெரிதாகப் போடுவார்கள். அது மூன்று நான்கு ஆண்டுத் தொகையை மொத்தமாக முன்கூட்டியே கட்டினால் கிடைக்கும் விலை, புதுப்பிக்கும்போது இரண்டு மூன்று மடங்காகும். ஆகவே ஒப்பிட வேண்டியது புதுப்பிக்கும் விலையை. அது எப்போதும் அடியில் சிறிய எழுத்தில்தான் இருக்கும். முகவரியை https என்று தொடங்கச் செய்யும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தனிக்கட்டணம் கேட்கும் இடத்தை அங்கேயே தவிர்த்துவிடலாம். லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு அதை இலவசமாக வழங்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

பிளாகரை நான் பட்டியலில் சேர்த்ததைப் பார்த்து நண்பர்கள் சிலர் கேலி செய்தார்கள். 1999இல் பைரா லேப்ஸ் தொடங்கி, 2003இல் கூகுள் வாங்கிய இந்தச் சேவையில்தான் தமிழ் வலைப்பதிவுலகத்தின் பெரும்பகுதி பிறந்து வளர்ந்தது. பதிவுகளைத் தொகுத்துக் காட்டிய தமிழ்மணம் திரட்டியில் தினமும் கண்விழித்த தலைமுறைக்கு அது அம்மா வீடு. இப்போது அதன் தோற்றங்கள் பழையனவாகிவிட்டன என்பது உண்மை. 2017இல் வந்த கான்டெம்போ, சோஹோ போன்றவைதான் ஓரளவு இக்காலத்தவை. கடை வசதி இல்லை. தமிழ்த் தலைப்பிட்டால் முகவரியை உருவாக்கத் தெரியாமல் எல்லாவற்றுக்கும் ‘பிளாக்-போஸ்ட்’ என்றே பெயரிட்டு, பின்னால் ஓர் எண்ணை ஒட்டிவிடும் அதன் பழக்கம் பழைய பதிவர்கள் அனைவரும் அறிந்தது; அதற்கும் முகவரியை நாமே எழுதிவிடுவதுதான் தீர்வு. வேர்ட்பிரஸில் ஒட்டடை நம்முடையது என்றேன். பிளாகரில் நிலம், வீடு, ஒட்டடை எல்லாமே கூகுளுடையவை.

ஆனால் அதன் நல்ல பக்கத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். சொந்தத் தளப்பெயரை எந்தக் கட்டணமும் இல்லாமல் இணைக்கலாம். பாதுகாப்புச் சான்றிதழ் அதோடு சேர்ந்தே வருகிறது. ஆண்டுச் செலவு தளப்பெயருக்கான சில நூறு ரூபாயோ ஆயிரத்துச் சொச்சமோ, அவ்வளவே. மேம்படுத்தல், பேக்கப் இல்லாத வெள்ளைத் திரை என்ற பயம் எதுவும் இல்லை. எடிட்டரைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். எழுதியவை அனைத்தையும் ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ளலாம்; அந்தக் கோப்பை வாங்கிக்கொள்ள வேர்ட்பிரஸில் தயாராகவே ஓர் இறக்குமதிக் கருவி இருக்கிறது. கூகுள் இதையும் ஒருநாள் மூடக்கூடும்தான்; ரீடரை 2013இல் மூடினார்கள், கூகுள் பிளஸை 2019இல் மூடினார்கள். ஆயினும் தளப்பெயர் நம் கையில் இருக்கும்வரை, வீட்டை மாற்றினாலும் முகவரி மாறப்போவதில்லை. கூகுளே தன் இந்தியப் பதிவர்களுக்கு வைத்திருந்த பிளாக்ஸ்பாட்.இன் என்ற பெயரைக் கைநழுவ விட்டு, 2020இல் அது வேறொருவர் கைக்குப் போனது. அந்தப் பெயரில் முடியும் முகவரிகளாகப் பகிரப்பட்டிருந்த பழைய இணைப்புகள் எத்தனையோ அன்று உடைந்தன. குளித்தலையில் நடந்தது கூகுளின் தலைமையகம் இருக்கும் மவுண்டன் வியூவிலும் நடக்கும் என்று அக்காவுக்கு இதைச் சொன்னபோது அவருக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

எனவே எந்தச் சேவையை எடுத்தாலும் தளப்பெயரை மட்டும் தனியாக, சொந்தப் பெயரில், தம் கைபேசி எண்ணும் தம் மின்னஞ்சலும் கொடுத்து வாங்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. முதலாண்டு இலவசம் என்று சேவையோடு சேர்த்துத் தரும் பெயரை மறுத்துவிடலாம். தமிழிலேயே பெயர் வாங்கும் வசதியும் இருக்கிறது. இந்தியாவுக்கு, இலங்கைக்கு, சிங்கப்பூருக்கு என .இன் போன்ற தமிழெழுத்து முடிவுகள் உண்டு. பார்க்கப் பெருமையாகத்தான் இருக்கிறது, ஆனால் தொலைபேசியில் முகவரி சொல்லும்போது கேட்பவர் அதை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவார் என்பதால், முதல் பெயராக .இன் அல்லது .காம் ஒன்றை வைத்துக்கொண்டு தமிழ்ப் பெயரை இரண்டாவதாகச் சேர்ப்பது உசிதம். புதுப்பித்தல் தானாக நடந்துவிடும் என்று நம்பி அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டு மறந்துவிடவும் கூடாது. ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிகளின்படி, நாம் முறையாக ஒப்புதல் பதிவு செய்யாத தொடர் கட்டணங்கள் அட்டையிலிருந்து போகமாட்டா. வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். டாலரில் சொல்லப்படும் விலையோடு 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேரும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நானூறு பொருள், தினமும் இருபது ஆர்டர், இணையத்திலேயே பணம் என்று தொழில் செய்பவராக இருந்தால், மாதக் கட்டணம் கட்டி ஷாப்பிஃபை போன்ற கடைச் சேவையை எடுப்பதோ, பராமரிக்க ஓர் ஆளை அமர்த்தி வேர்ட்பிரஸும் வூகாமர்ஸும் வைப்பதோதான் சரி. அக்காவின் கடை அப்படிப்பட்டது அன்று. வாடிக்கையாளர்கள் பட்டியலைப் பார்க்கிறார்கள், எந்த மாதத்தில் எதை ஊன்றுவது என்று படிக்கிறார்கள், பிறகு வாட்ஸ்அப்பில் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, யுபிஐயில் பணம் போடுகிறார்கள். அந்த இரண்டு கேள்வியில்தான் அவருடைய வியாபாரமே இருக்கிறது. மண் எப்படி, தொட்டியா நிலமா என்று விசாரிக்காமல் அவர் விதை கொடுப்பதும் இல்லை. ஆக, வேண்டியது விலைப்பட்டியலுக்கு ஒரு பக்கம், கட்டுரைகளுக்கு ஓர் இடம், வாட்ஸ்அப்பை நேரே திறக்கும் ஒரு பொத்தான்.

எனவே பிளாகரையே தேர்ந்தெடுத்து, அக்காவின் பெயரில் வாங்கிய .இன் முகவரியை இணைத்தேன். தீமின் நிரலில் ஒரு வரி சேர்த்து முக்த மலரை வரவழைத்து, வரியிடைவெளியை 1.7 ஆக்கி, ஆடி, புரட்டாசி, தை என்று பட்டங்களையே பிரிவுகளாக வைத்தேன். மாதம் ஒருமுறை உள்ளடக்கத்தை இறக்கி, படங்களின் மூலப் பிரதிகளோடு ஒரு பென்டிரைவில் வைக்க மாமா பழகிக்கொண்டார். வேர்ட்பிரஸில் கிடைத்திருக்கக்கூடிய தேடலும் நேர்த்தியும் இதில் இல்லை என்பது எனக்குக் குறைதான். பொருள்கள் பெருகும் நாளில் அங்கே மாறிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன்.

நான் ஊர் திரும்பிய நான்காம் நாள் காலையில் தளத்தைத் திறந்தபோது சிறகவரை விதையின் விலை முப்பதிலிருந்து நாற்பதாகியிருந்தது. அக்காவே கைபேசியில் மாற்றியிருக்கிறார். பக்கத்தில் "இருப்பு குறைவு" என்று நான் சொல்லித்தராத ஒரு வரியும் சேர்த்திருந்தார். தளப்பெயருக்கு அடுத்த கட்டணம் கட்டவேண்டிய தேதி, சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியின் அட்டையில் பேனாவால் எழுதப்பட்டிருக்கிறது. புதிய உறைகளை இன்னும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. ஸ்டிக்கர் ஒட்டியவை முதலில் தீரட்டும் என்கிறார்.